எட்டு புள்ளி நான்கு

போன வியாழன் கொடுத்த மண்ணுக்கு
முடிவு கேட்டு வந்தார் தலைஞாயிறு உத்திராபதி.
எட்டு புள்ளி நான்கு என்றேன்.
"நல்ல மார்க்குங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
எண்ணின் கீழ் சிவப்பாய்க் கோடு கிழித்து
அட்டையில் எழுதினேன்: ஜிப்சம்,
தக்கைப்பூண்டு மடக்கி உழவு,
நல்ல தண்ணீர் தேக்கி வடி.
கடைசி வரியை மட்டும் விரலால் தொட்டுப் படித்தார்.
நல்ல தண்ணீர்.
ஒரே போகத்தில் இறங்காது என்றும் சொல்லிவைத்தேன்.
"கடலு ஒரே ராத்திரியிலதானம்மா ஏறிச்சு?"

விஜயபுரத்தில் பஸ் இறங்கி
செருப்பைக் கழற்றுமுன் தொட்டி விளக்கைப் போடுகிறேன்.
மூன்றடிக் கண்ணாடி.
மலாவி ஏரியைப் பார்த்தேயிராத மலாவி மீன்கள்,
கொளத்தூரில் பிறந்து
பாலிதீன் பையில் மூச்சைக் கட்டி
ராத்திரி பஸ்ஸில் திருவாரூர் வந்தவை.
ஆனாலும் செதிலுக்கு உள்ளே யாரோ
அந்த ஏரியைக் குறித்துவைத்திருக்கிறார்கள்.
அவை கேட்பதும்
எட்டு புள்ளி நான்கு.

குழாயில் வருவது கொள்ளிடம்.
ஏழரைக்கு மேல் ஏறாது.
ஏழரை: பெயரிலேயே சனி.
நீலம் வெளுத்து, துடுப்பு மடங்கி
மூலையில் ஒண்டிக்கொள்ளும்.
அதனால் வடிகட்டிக்குள் கிளிஞ்சல்,
அடியில் சுண்ணாம்புக்கல் ஜல்லி.
கடைக்கார ஜபருல்லா அழகுக்கென்று தந்த மரவேர்
தண்ணீரைப் புளிக்கவைக்கும் என்று தெரிந்ததும்
மாடியில் துணிக்கொடிக்கு முட்டாகிவிட்டது.

ஐந்து மில்லி தண்ணீர், சில சொட்டு மருந்து.
ஆறிய டீ நிறம் போதாது.
கத்திரிப்பூ வரவேண்டும்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
குழாயில் கலங்கல்;
மொட்டைமாடியில் பிடித்ததை ஊற்றினேன்.
கரண்ட் போய் வடிகட்டி நின்று
விடியும்போது ஆறேமுக்கால்.
பதறிப்போய் அடுக்களை ஆப்ப சோடாவைக்
கைப்பிடி கைப்பிடியாய்க் கரைத்துக் கொட்டினேன்.
அரைமணியில் எண் சரியாகிவிட்டது.

பல்லில்லாமல் கிடந்த கழிவுக்குக்
காரம் ஏறினால் பல் முளைக்கும்.
அம்மோனியா.
நான் படித்த பாடம், பரீட்சையில் எழுதிய பதில்.
நீலம் இரண்டு, மஞ்சள் ஒன்று
மேல்மட்டத்தில் வாய் பிளந்து பிளந்து
சரியான எண்ணில் செத்தன.

இப்போதெல்லாம் வாளியில்தான் கலக்குவது,
நாளுக்கு ஒரு வாளி.
புள்ளிக்குப் பின்னால் இருப்பதை
நான் அவசரப்படுத்துவதில்லை.
இதை உத்திராபதியிடம் சொல்லியிருக்கலாம்.
வட்டிக்கு வாங்கியவரிடம்
எப்படிச் சொல்வது?

மஞ்சள் பெட்டை ஒன்று வாயைத் திறக்காமல் நிற்கிறது.
பன்னிரண்டாம் நாள்.
தீனி மூக்கில் இடித்தும் தொடவில்லை.
தாடைக்குள் குஞ்சுகள் புரள்வது
விளக்கை ஒட்டி வரும்போது தெரிகிறது.
அவள் துப்பும் நாளில்
இந்தத் தண்ணீர் இப்படியே இருக்கவேண்டும்.

குழாயைக் குலுக்கினேன். கத்திரிப்பூ.
தொட்டி நோட்டில் தேதி போட்டு
எட்டு புள்ளி நான்கு என்றெழுதி டிக் அடித்தேன்,
ஆபீஸ் சிவப்புப் பேனாவால்.
பையில் கைவிட்டதும்
அதுதான் கிடைத்தது.