பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம்

அனுப்பர்பாளையத்தில் எங்கள் கம்பெனி.
பதினொரு மணிக்கு மோட்டார்கள் நின்றன.
கரண்ட் போகவில்லை.
ஹெச்.ஆர். கிருத்திகா மைக்கில் சொன்னாள்:
"எல்லாரும் எந்திரிங்க, கையைத் தூக்குங்க."

ஓவர்லாக் வரிசையில் சிரிப்பு.
"போயி பொழப்பப் பாரு அம்மிணி" என்றார் செல்லாண்டி.
அயர்ன் டேபிள் பிஜய்க்குப் பாஷை புரியாது;
அவன் மட்டும் ஒழுங்காகக் குனிந்து
கால்விரலைத் தொட்டான்.

என் கழுத்தில் பதினாறு வருஷம்
உட்கார்ந்திருக்கிறது.
கையைத் தூக்கினால் கொஞ்சம் இறங்கும்தான்.
ஆனால்
பத்து நிமிஷம் என்றால் இருபது பனியன்.
இருபது பனியன் என்றால் ஆறரை மணி பஸ்.

பாவாத்தாள்தான் கேட்டாள்,
செக்கிங் டேபிளை விட்டு நகராமல்:
"ஏனுங், இந்தப் பத்து நிமிஷம்
யாரு கணக்குலீங்க?"

கிருத்திகா மைக்கை அணைத்தாள்.
அந்த வாரம் முழுக்க நாங்கள்
தோள் வரைக்கும்தான் தூக்கினோம்,
வருகைப் பதிவுக்குத் தூக்குகிற மாதிரி.

திங்கட்கிழமை
போர்டில் எண்ணூறு அழிந்திருந்தது.
எழுநூற்றி எண்பது.
சாக்பீஸ் தூள் அவள் துப்பட்டாவில்.
யாரிடம் என்ன பேசினாளோ,
கண் வீங்கியிருந்தது.

பதினொரு மணி.
பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.
செல்லாண்டியின் இடுப்பில் சடக்கென்று ஒரு சத்தம்.
"அடக் கருமமே" என்றார்.
இன்னொரு தடவை குனிந்தார்.

நான் முழுக் கையையும் தூக்கினேன்.
விரல் நுனியில் ஒட்டியிருந்த பஞ்சு
ஃபேன் காற்றில் எங்கேயோ போனது.
போகட்டும்.
இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது.