மூன்றாவது ஒப்பீடு

பதிவேட்டில் இதுவரை தொள்ளாயிரத்து எழுபத்தொரு மணி.
ஆயிரம் நிறைந்தால் தேர்வுக்கு உட்காரலாம்.
எல்லாம் பியூட் நகரத்துச் சரிவுத் தெருக்களில்
டேப்பின் ஒரு நுனியைச் சுவரில் அழுத்தியபடி
சேர்த்த மணிகள்.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
காலில் பள்ளிப் பேருந்து ஓட்டிய நாளின் பூட்ஸ்.

என் அறிக்கைகளில் கையெழுத்திடுகிறவனுக்கு முப்பத்தொன்று.
பெயர் பிரைஸ்.
ஒலி கொஞ்சம் பிசகினால் விலை என்றாகிவிடும்.
அந்த வேடிக்கையை ஏழாம் வகுப்பிலேயே
கேட்டு முடித்துவிட்டானாம்.
தெரியும், அப்போது நான்தான் ஓட்டுநர்.
பின் இருக்கையில் இரண்டு முறை வாந்தியும் எடுத்தவன்.

"அழகான வீடு என்று எழுதாதே, லோர்னா.
அழகு யாருடைய கருத்து?
ஓக் தரை. பதினைந்து வருடக் கூரை.
வடக்கு ஜன்னலில் விரிசல்.
அதை எழுது."
வசதியான என்பதை அடித்தான்.
நல்ல அக்கம்பக்கம் என்பதை
இரண்டு கோடு போட்டு அடித்தான்.

மண்ணுக்குக் கீழே இருப்பது
வாழும் பரப்பில் சேராது.
பேஸ்மென்ட்டில் கட்டில் போட்டாலும்,
குழந்தை பெற்றாலும், சேராது.
தாமிரம் வெட்டிய என் மாமனார்
இருபத்தாறு வருடம்
கணக்கில் வராத பரப்பில் இருந்திருக்கிறார்.
கூரை சரிந்து ஐந்தடிக்குக் குறைந்தால்
அந்த இடமும் கழிந்துவிடும்.
குனிந்து நடப்பவர்களுக்கு இடமில்லை
என்று குறிப்பில் எழுதி
அவன் பார்ப்பதற்குள் அழித்தேன்.

போன செவ்வாய், ஃபிளின்ட் தெரு.
ஓய்வுபெற்ற தாதி மிஸஸ் ஹாவெர்டி
வீட்டின் மேல் மறுகடன் கேட்டிருக்கிறாள்.
நாயைக் கட்டிவிட்டு காபி நீட்டினாள்.
வாங்கலாமா கூடாதா என்று பாடத்தில் இல்லை.
குடித்தேன்.

ராத்திரி, ஒப்பிட மூன்று விற்பனை வேண்டும்.
அரை மைலுக்குள், ஒரு வருடத்துக்குள்.
ஒன்று உடனே கிடைத்தது.
இரண்டாவதற்கு கராஜ் இல்லை, எட்டாயிரம் கூட்டினேன்.
மூன்றாவதாகத் திரையில் வந்தது
என் வீடு.

பச்சைக் கதவுக்கு யாரோ சாம்பல் பூசியிருந்தார்கள்.
படுக்கையறை மூன்று. குளியலறை ஒன்றரை.
அந்த அரை,
ஆன்டேயும் நானும் ஓர் ஈஸ்டர் வாரத்தில் கட்டியது.
குழாய் இன்னமும் சொட்டுகிறதா
என்று கேட்க அங்கே கட்டம் இல்லை.
விற்றவர்: வங்கி.

தூரம், பரப்பு, வயது
எல்லாவற்றுக்கும் தொகை போட்டேன்.
நெருக்கடி என்ற வரியில்
கர்சர் துடித்துக்கொண்டே நின்றது.
எவ்வளவு கூட்டுவது?
சந்தை மதிப்பு என்றால் என்ன என்று
தூக்கத்திலும் ஒப்பிப்பேன்:
விற்பவர், வாங்குபவர்,
இருவருக்கும் அவசரமில்லை,
இருவருக்கும் எல்லாம் தெரியும்.
அப்படிப்பட்ட இருவரை
இந்த ஊரில் நான் ஏற்றி இறக்கியதே இல்லை.

காலையில் பிரைஸ் பார்த்தான்.
முகவரியில் ஒரு கணம் நின்றான்.
அந்த வாசலில்தான் என் பேருந்து ராத்திரி நிற்கும்,
ஊருக்கே தெரியும்.
"கட்டாய விற்பனை ஒப்பீட்டுக்கு ஆகாது.
கீழ்த்தெருவில் வேறொன்று இருக்கிறது,"
என்றான், திரையிடம்.
நீக்கினேன்.
ஒரே விசைதான்.

கடைசிப் பக்கம், உறுதிமொழி.
இந்தச் சொத்தில் எனக்கு
இப்போதும் இல்லை, இனியும் இல்லை, எந்த நலனும்.
அது மிஸஸ் ஹாவெர்டி வீட்டைப் பற்றியது.
இருந்தாலும் இரண்டு முறை படித்தேன்.
இப்போது, இனி.
முன்பு என்று அதில் ஒரு சொல் இல்லை.
கையெழுத்திட்டேன்.

"ஏழு மணி என்று பதிவு செய்," என்றான் பிரைஸ்,
"ராத்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாய்."
ஆறுதான், என்றேன்.
மிச்ச நேரம் வேலை செய்யவில்லை.