அறுபது நாளும் இருபது மணியும்

முந்நூற்று அறுபத்தைந்தை மூன்றாக வகுத்து
மூத்த பங்கை மறுபடி இரண்டாக்கினால்
ஆளுக்கு
அறுபது நாளும் இருபது மணியும்.
பர்த்வான் கோர்ட்டில் ஒரு நீதிபதி
கடவுளை இப்படித்தான் பிரித்தார்.
நிலம் என்றால் சுலபம் என்றாராம்,
அது தவழாது.

அந்த இருபது மணியால்
ரேபாவின் முறை ராத்திரி எட்டுக்கு முடிகிறது.
காட்வாவிலிருந்து அவள் வருவாள்,
அசன்சோலிலிருந்து நான்.
நான்காம் பிளாட்பாரம், தண்ணீர்க் குழாயை ஒட்டிய பெஞ்சு.
ஓரகத்திகள் இருவருக்கும் நடுவே
துண்டில் சுற்றிய கோபால்,
ஒன்றே முக்கால் கிலோ.

ஒரு முழங்கால் ஊன்றி, ஒரு கை தரையில்,
மறு கையில் வெண்ணெய்.
மூக்கு எப்போதோ தேய்ந்துவிட்டது,
நாலு தலைமுறைப் புளி.
குதிகாலில் ஒரு கீறல்:
எட்டு உலோகத்தில் தங்கம் எத்தனை என்று பார்க்க
கோர்ட் அனுப்பிய தட்டான்
அரம் போட்ட இடம்.
இருந்தது
ஒரு மூக்குத்திக்கும் காணாது.
அதற்குப் பிறகும் வழக்கு ஒன்பது வருஷம் நடந்தது.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
அவனைப் பற்றித் தகவல் சொல்லிக்கொள்வோம்.
"சளி பிடிச்சிருக்கு, வெந்நீர்லதான் குளிப்பாட்டணும்."
"கொசுவலையில ஓட்டை. தைச்சிருக்கேன்."
"பச்சை ஸ்வெட்டர் இறுக்கமாயிடுச்சு."
உலோகம் வளருமா என்று நான் கேட்கவில்லை.
துவைத்ததில் சுருங்கியிருக்கும்.
ராத்திரிப் பால் யார் கணக்கு என்று
ஒரு வருஷம் முழுக்க வக்கீல் கடிதம் போனது, வந்தது.
இப்போது ஏழு ஐம்பதுக்கு அவள் பாதி ஊட்டுவாள்,
எட்டு தாண்டியதும் மீதி நான்.

போன துர்கா பூஜைக்கு நாலு நாள் முன்
அவள் கணவர் போய்விட்டார்.
கூடப் பிறந்த தம்பி, என் வீட்டுக்காரர்,
சுடுகாட்டு வாசல்வரை போய்
ஆட்டோவை விட்டு இறங்காமல் திரும்பினார்.
நான் அதுகூட இல்லை.

இன்று ஜனவரிக் குளிரில்
வெள்ளைச் சேலை, ஆண்கள் போடும் சாம்பல் நிறச் சால்வை.
யாருடையது என்று தெரிந்தது.
துண்டைப் பிரித்தாள். மூடினாள்.
பேசுவதற்கு முன்னால் வாயிலிருந்து ஆவி வந்தது.

"இப்பல்லாம் விளக்கை அணைச்சா தூங்க மாட்டேங்கிறான்."

தண்டவாளத்துக்கு அப்பால் யாரோ டீக் கோப்பையை
கல்லில் போட்டு உடைத்தார்கள்.

"ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கிறான்.
பால் காய்ச்சினா குடிக்கிறதில்ல.
பக்கத்து மெத்தையைத் தடவித் தடவிப் பாக்கிறான்."

அந்தக் கை
வார்த்த நாளிலிருந்து தரையை விட்டு எழுந்ததில்லை.

வாங்கிக்கொண்டேன்.
வழக்கம்போல் கீறல் முதலில் வந்து
உள்ளங்கையில் பொருந்தியது.
பனியில் வெண்கலம் கையைக் கடிக்கும் என்று பார்த்தால்
சூடாக இருந்தான்.
இரண்டு மணி நேரம், அவள் மடி.

இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது.
தீர்ப்பை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்,
பதினேழு பக்கத்தில் எங்கும் அந்த நாள் கிடையாது.
யார் பங்கிலும் சேராத நாள்,
கோபாலுக்குச் சொந்தக்காரர் இல்லாத நாள்.

"அன்னைக்கு இவன் எங்க இருப்பான்?" என்றேன்.
கேள்விக்குறி வைத்து அவளிடம் நான் பேசி
எத்தனை வருஷம் என்று
அவள் எண்ணியிருக்க வேண்டும்.
வெறும் துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.
காட்வா வண்டியை அறிவித்தார்கள்.
படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு,
என்னைப் பார்க்காமல்
என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்துச் சொன்னாள்:

"அவனுக்கு வாழைப்பூன்னா உயிர்.
வெங்காயம் போடாம, தேங்காயப் பல்லு பல்லா நறுக்கிப் போட்டு."

ஒரே அடுப்பில் நாங்கள் சமைத்த காலத்தில்
அந்தச் சட்டியை
விரலால் வழித்து வழித்துத் தின்றது நான்.

எட்டு மணி, நாலு நிமிஷம்.
கிண்ணத்தில் பாதிப் பால்.
ஊட்டினேன்.