வான் பாய்தல்

இரணைமடு முப்பத்தைந்தரை அடி என்று
ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோ சொல்லிக்கொண்டு போகிறது.
அறிவியல்நகரில் வாடகை அறை.
சன்னல் கம்பியில் பொலித்தீன் பைக்குள் தொங்குகிறது என் கைத்தொலைபேசி,
அந்த மூலையில்தான் சிக்னல் இரண்டு கோடு.
நாலு நாளாய் இறங்குகிறது தரவு.
எண்பத்தொரு வீதத்தில் நின்று யோசித்தது,
பிறகு நான் ஒரு நுளம்பு அடிக்கிற நேரத்துக்குள்
முடிந்துவிட்டது.

ஓர் இலத்திரனை இழந்த காபன்
ஆயிரத்துத் தொளாயிரம் கிகாஹேர்ட்ஸில் விட்ட மூச்சு
முந்நூற்று ஐம்பத்திரண்டில் வந்து சேர்ந்திருக்கிறது,
வழிநெடுக இழுபட்டு, நீண்டு, தளர்ந்து.
ஆயிரத்து இருநூறு கோடி வருசம்.
அதைப் பிடித்தது மழை தெரியாத ஒரு பாலைவனம்,
கடலுக்கு ஐயாயிரம் மீற்றர் மேலே.
நீராவி பட்டால் அந்த மீடிறன் செத்துப்போகும்.
அந்தக் கிண்ணங்களை இங்கே நட்டிருந்தால்
மார்கழி முழுக்க
வானம் தன்னை மட்டுமே காட்டியிருக்கும்.

கமலரூபிக்கு இன்று வேலையில்லை.
முகமாலையில் அவர்கள் கயிறு கட்டிய ஒழுங்கைகள் வெள்ளத்துக்குள்,
கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கு லீவு.
ஈரச் சப்பாத்துக்குள் பேப்பர் திணித்துக்கொண்டே
திரையை எட்டிப் பார்க்கிறாள்.

"இதென்ன, மலையோ?"
கோடு, என்கிறேன். நிறமாலைக் கோடு.
"கோடெண்டா ஏன் இவ்வளவு குண்டு?"
வாயு எங்களை நோக்கியும் ஓடுது, விலகியும் ஓடுது.
ஓட்டம் கூடினால் அகலம் கூடும்.
"அப்ப ரெண்டு பக்கமும் இழுபடுற வால்?"

அதைத்தான் போன வரைவில் நறுக்கியிருந்தேன்.
அடிக்கோட்டின் நெளிவு என்று ஒரு வரி எழுதினேன்,
இணையாசிரியர் மூவரும் ஓமென்றார்கள்.
"இரைச்சல்" என்றேன்.
"கிண்டிப் பாத்தனியோ?"
இல்லை.
"எங்கட மெசின் நூறு தரம் கத்தினா
தொண்ணூறு ஆணி, மிச்சம் மீன்ரின்.
ஆணியெண்டு எழுதிறதெண்டாலும் ஆணியை எடுத்துக் காட்டோணும்."
சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி தேடப் போய்விட்டாள்.

பதினேழு உடுத்தொகுதிகள்.
ஒவ்வொன்றின் செம்பெயர்ச்சியையும் கழித்து
கோட்டின் மேல் கோடாக அடுக்கினேன்.
இரைச்சலென்றால் ஒன்றையொன்று தின்று தீர்ந்துவிடும்.
மேடுபள்ளமெல்லாம் தீர்ந்தது.
வால் தீரவில்லை.
செக்கனுக்கு ஐந்நூறு கிலோமீற்றர் வேகத்தில்
வெளியே போய்க்கொண்டிருக்கிறது வாயு.
நட்சத்திரமாய் விளைந்திருக்க வேண்டியது,
பிறந்த நட்சத்திரங்களே தள்ளிவிட,
கரை கடந்து, இருட்டுக்குள்.

"வான் பாயுது!" என்றாள் கமலரூபி.
திரும்பினேன்.
அவள் திரையைப் பார்க்கவில்லை,
வாசலில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.
தூரத்தில் வான்கதவுகள் திறந்த சத்தம்,
பெரிய லொறியொன்று வந்துகொண்டேயிருந்து
வந்து சேராத மாதிரி.

நறுக்கிய வரியை அழித்தேன்.
புதுக் கோப்புக்கு வான்_பாய்தல்_2 என்று பெயர் வைத்தேன்,
ஒன்று எங்கே என்று எவரும் கேட்கப்போவதில்லை.
மூவருக்கும் அனுப்பப் பொத்தானை அழுத்தினேன்.
பன்னிரண்டு வீதம்.
பத்தொன்பது.

அவளுடைய போனில் சார்ஜ் இல்லை.
பையை அவிழ்த்து என் போனை எடுத்தாள்,
முரசுமோட்டையில் தம்பி,
மூன்று ஏக்கர், கதிர் தள்ளுகிற நேரம்.
இணைப்பு அறுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.
"எவ்வளவுக்கு நிக்குது?" என்று கத்திக் கேட்டாள்.
கேட்டுக்கொண்டே
இடது கையைத் தன் முழங்காலில் வைத்தாள்,
பிறகு கொஞ்சம் மேலே,
பிறகு இன்னும் கொஞ்சம்.