கொத்துத் தட்டு

நாலு சென்ரிமீற்றர்.
அவ்வளவுதான் கேட்டேன்,
இன்னும் நாலு சென்ரிமீற்றர் நிமிர்ந்து நில் என்று.

லங்னாவில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே
ஒன்பதாம் இலக்கக் கராஜ்.
தொண்ணூற்றொன்றில் பிறந்த சுபாரு.
என்னைவிடப் பதினொரு வயது இளசு,
கறள் மட்டும் என்னைவிடக் கூட.
கியர்த் தடியின் உச்சியில் ஒரு சிவப்புப் பொத்தான்,
அமத்தினால் நாலு சில்லும் இழுக்கும்.
அந்தப் பொத்தானுக்காகத்தான் வாங்கினேன்.

ஏன் என்று கேட்டார்கள்.
அக்காவுக்கு: பனிக்காலத்துக்கு.
வேலையிடத்து ரெகுலாவுக்கு: உடம்புக்குப் பயிற்சி.
அத்தான் யோகலிங்கம் கேட்கவில்லை.
அவருடைய கடை பூட்டி அப்போது ஆறு மாதம்,
யாரையும் எதுவும் கேட்காத காலம்.

முதல் போல்ட் அசையவில்லை.
பதினேழாம் நம்பர் சாவி,
சாவியின் வாலில் ஒரு மேசைக்கால் குழாய்,
குழாயின் நுனியில் நான், ஐம்பத்தெட்டுக் கிலோ.
இரவு முழுக்க முதியோர் இல்லத்தில்
எழும்ப முடியாதவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கிற தோள் இது.
எங்கே பிடித்தால் நோகாது என்று அதற்குத் தெரியும்.
இரும்புக்கு அந்த மரியாதை வேண்டாம் என்று நினைத்தேன்.
வேண்டியிருந்தது.
எண்ணெய் விட்டு, சூடு காட்டி,
ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
மெல்லக் கேட்டபோது
கிறீச்.
முழங்கைத் தோலைக் கூலியாக எடுத்துக்கொண்டது.

ஸ்பிரிங்குக்கு மேலே அலுமினிய வளையங்கள்.
ஜாக்கியை இறக்கினேன்.
கார் முழுதாக இறங்கவில்லை.
வெள்ளத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்தவள் மாதிரி
அப்படியே நின்றது.

பிறேக் குழாயை அப்போதுதான் பார்த்தேன்.
உயரம் கூடியதை அதற்கு யாரும் சொல்லவில்லை.
விண்ணென்று விறைத்து,
இன்னும் ஒரு விரல் இறங்கினால் அறுந்திருக்கும்.
நீளமானதற்கு ஓடர் கொடுத்தேன். மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்துக்குள்
அத்தான் வானின் பின்கதவைத் திறந்தார்.
கொத்துரொட்டி போட்ட தட்டு.
பத்து மில்லிமீற்றர் இரும்பு.
"எஞ்சினுக்குக் கீழ கல்லடிக்காமல் ஒரு தகடு தேடினியல்லோ."
பழைய இரும்புக்காரன் பன்னிரண்டு பிராங் மதித்தானாம்.
கடை நடந்தது பன்னிரண்டு வருசம்,
வருசத்துக்கு ஒன்று, கணக்குச் சரி என்றார்.

நடுவில் தட்டித் தட்டித் தேய்ந்த ஒரு பள்ளம்,
கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.
ஓரங்களை மட்டும் வெட்டினேன், சனிக்கிழமைகளில்.
ஞாயிறு மெஷின் போட்டால்
மேல்மாடி பீரி பல்கனியிலிருந்து கலண்டரைக் காட்டுவார்.
ஞாயிறு அரத்துக்கு.
அரம் பிரார்த்தனை மாதிரிச் சத்தம் போடும், அவர் விட்டுவிடுவார்.

பூட்டி முடித்து அளந்தேன்.
ஒன்று பாரத்துக்கு, ஒன்று தடிப்புக்கு.
நான் கொடுத்த நாலில் பாதியைத்
தட்டு சாப்பிட்டுவிட்டது.

பேர்ணில் பரிசோதகர் கீழே நின்று
டோர்ச் அடித்தார், சுத்தியலால் தட்டினார்.
டங்.
"இது எந்தக் கம்பனி?"
"யோகலிங்கம்" என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொன்னார்.
எழுதி முடித்து, வீதியில் இது கூடாது என்றார்.

ஆகவே வீதியில் அது பின்சீற்றில் வரும்,
பெல்ட் போட்டு.
கல்குவாரி வாசலில் அத்தான் சேற்றில் படுத்து
எட்டு போல்டையும் பூட்டுவார்.

முதல் ஏற்றம். சிவப்புப் பொத்தான்.
நாலு சில்லும் மண்ணைக் கௌவ
கல் கீழே அடித்தது.
டக். டடக். டக்டடக் டக்டடக்.
பக்கத்துச் சீற்றில் அத்தானின் இரண்டு கையும்
தன்பாட்டில் முழங்காலைக் கொத்தத் தொடங்கின.
அவர் கவனிக்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

மேட்டின் உச்சியில் தட்டு ஒரு கல்லில் குந்தியது.
நாலு சில்லும் வெறுமனே சுத்தின.
குறைந்தது, நிச்சயமாக, அந்த இரண்டு சென்ரிமீற்றர்தான்.
எஞ்சின் கொதிக்கக் கொதிக்க
இரும்புக்குள் கிடந்த பழைய எண்ணெய் விழித்தது.
வெங்காயம், மிளகாய், கருகிய முட்டை.

பின்னால் வந்த ரொயோட்டாக்காரன்
கயிற்றோடு இறங்கி நடந்து வந்தான், நின்றான், மணந்தான்.
"உள்ளே என்ன சமைக்கிறீர்கள்?"

அத்தான் கண்ணாடியை இறக்கினார்.
ஆறு மாதத்தில் முதல் தடவையாக, கடைக்காரக் குரலில்:
"முதல்ல கயித்தைக் கட்டுங்கோ. பிறகு ஓடர் எடுக்கிறன்."