கூடாரம் இருந்த இடம்

எங்கள் கப்பலில் கூடாரத்துக்கு முளை அடிக்க முடியாது.
இரும்புத் தளம். அகலமான சாம்பல் நிற டேப் கொடுப்போம்.
காற்று வரும் பக்கம் மூன்று அடுக்கு ஒட்டுங்கள் என்பேன்.
வெண்டலும் ஐனஸும் ஐந்து அடுக்கு ஒட்டினார்கள்.
அரிசோனாக்காரர்கள்,
மழையை நாள் குறித்து வைத்துப் பேசுகிறவர்கள்.

அவர்களுடைய இருவர் கயாக் கீழே வண்டித் தளத்தில்
ஆர்னி நைகார்டின் புது ஃப்ரீசருக்கும்
மூன்று நாய்கள் குரைக்கும் பிக்கப்புக்கும் நடுவே.
வெண்டலிடம் நீர்புகா உறையில் ஒரு பட்டியல்:
எந்த நாள் எந்தத் தீவு, எந்தக் கரையில் அடுப்பு,
கரடி வந்தால் யார் பேசுவது.
அவன்தான் பேசுவதாம்.

ஐனஸ் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"இந்த மழை எப்போது விடும்?"
"பெய்கிறதா என்ன?" என்றேன்.
கேலியில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை.

ரேங்கல் பள்ளியின் ஓட்டக்காரப் பிள்ளைகள்
நாற்காலிகளுக்கு அடியில், பெட்டியில் மீன் அடுக்கியதுபோல்.
சனிக்கிழமை சிட்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்கு
ஒரு பகலும் ஓர் இரவும் படுத்தே போகிறார்கள்.
ஜாலின் மட்டும் தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்,
பதினோரு சுற்று ஒரு மைல் என்று
எவனோ அளந்துவிட்டதை நம்பி.

இரவு, குறுகிய நீர்வழி.
சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, மறுபடியும் சிவப்பு.
இரண்டு பக்கமும் ஹெம்லாக் மரங்கள்
கிளை நீட்டினால் தொட்டுவிடும் கிட்டத்தில்.
ஐனஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
கூடாரத்துக்குள்ளிருந்து வெண்டல்
"இது எத்தனையாவது விளக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.
முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பீட்டர்ஸ்பர்க். விடிகாலை மூன்று பத்து. நாற்பது நிமிடம்.
கால் நீட்ட இறங்குகிறவர்களுக்கு எப்போதும் சொல்வதைச் சொன்னேன்:
ஓதம் திரும்புவதற்குள் ஜலசந்தியில் நுழைய வேண்டும்,
தண்ணீர் காத்திருக்காது, நாங்களும்.
அவள் தலையசைத்தாள்.

நாயோடு போனவர்கள் நாயோடு வந்தார்கள்.
கணக்கில் ஓர் ஆள் குறைந்தது.
சங்கு இரண்டு முறை.
மூன்றாவது நான் கெஞ்சி ஊதச் சொன்னது.
மீன் ஆலை விளக்கடியில் நீராவி அசைந்தது,
வேறொன்றும் அசையவில்லை.

வெண்டலை எழுப்பியபோது
பட்டியலைத்தான் முதலில் தடவித் தேடினான்.

சிட்காவில் டேப்பை நானே உரித்தேன்.
ஐந்து அடுக்கு. நகம் பெயர்ந்தது.
கூடாரம் இருந்த இடம் ஒரு கதவளவு உலர்ந்து கிடந்தது.
அவள் பைக்குள் பல்துலக்கி இல்லை, காசுப்பை இல்லை,
மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி இல்லை.
அவன் பார்த்தானா, தெரியாது. சொல்லலாமா என்று நிற்கையில்
சாரல் வந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

ஜாலினும் இன்னும் மூன்று பேரும் கயாக்கைத் தூக்கிப் போனார்கள்.
முன்னிருக்கையில் கனம் வேண்டும், இல்லாவிட்டால் மூக்குத் தூக்கும்.
கரையிலிருந்து கல் எடுத்து அடுக்கினான்,
ஒவ்வொன்றாக, கோபமில்லாமல்,
அதுவும் பட்டியலில் இருந்ததுபோல.

அடுத்த வாரம் வடக்கே வரும்போது
பீட்டர்ஸ்பர்க்கில் ஏறினாள் ஐனஸ்.
பழுப்பு ரப்பர் பூட்ஸ், இரவல்.
முழங்கையில் ஒட்டிக் காய்ந்த சால்மன் செதில்.
கூடாரம் இல்லை, டேப் கேட்கவில்லை,
கூரை இல்லாத இடமாகப் பார்த்துப் பையைப் போட்டாள்.

"எனக்குப் பதிலாக என்ன வைத்தான்?"
"கல்."
"எத்தனை?"
நான் எண்ணவில்லை. ஒன்பது என்றேன்.
ஒன்பதா, என்று சிரித்தாள்; பிறகு சிரிக்கவில்லை.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன்.
ஹெய்ன்ஸ் வரை. வழியில் சிட்கா.
இறங்கலாம். இறங்காமல் தூங்கியும் விடலாம்.

ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்,
"சிட்காவில் எத்தனை நிமிடம் நிற்கும்?"

ஓதத்தைப் பொறுத்தது, என்றேன்.