ஆறு இலக்கம்

குரோனிங்கனில் மழை. கடையில் நான்,
கழற்றிப் போட்ட பதினொரு சக்கரங்கள்.
என் கணக்குக்குள் என்னை விட மறுக்கிறது கணினி.
சைக்கிள் உள்ள படங்களையெல்லாம் தொடு,
நீ மனிதன்தானா பார்ப்போம்.

முப்பது வருஷச் சங்கிலி எண்ணெய்
நகக்கண்ணில் ஊறியவனிடம்
கேட்கிற கேள்வியா இது?
ஐந்தாவது படத்தில் இருப்பது மொபெட்.
விட்டுவிட்டேன்.
தவறு, மீண்டும் முயல்க.

பொய்யென்று தெரிந்தே தொட்டேன்.
மனிதன் ஆனேன்.

ரகசிய எண்ணை அனுப்பியாயிற்றாம்,
நான் எப்போதோ கைவிட்ட கைபேசிக்கு.
பேச ஆள் இல்லை.
உதவிப் பக்கம்
உதவிப் பக்கத்துக்கே போகச் சொன்னது.

கடைசியில் என் பழைய எண்ணை நானே அழைத்தேன்.
லீவார்டனில் ஒரு பெண் எடுத்தாள்.
பின்னால் நாய் குரைத்தது.
"வீபேதானே?" என்றாள், நாள்பட்ட பழக்கம் போல.
இலக்கம் இலக்கமாக நிதானித்துப் படித்தாள்.
நான் பேனா தேடினேன்.

"அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாச்சா?
வாராவாரம் நினைவூட்டல் வரும்.
திடீரென்று நின்றுபோச்சு.
எனக்கு ஒரே யோசனை."

வெட்கமாக இருந்தது.
நாக்கு தானாகவே அந்தக் குழிக்குப் போனது.
"ஆச்சு," என்றேன்.
"வலித்ததா?"
"கொஞ்சம்."

அதற்குள்
எண் காலாவதியாகியிருந்தது.